ஊசிக்குப் பின் உயராத கை: அமெரிக்காவில் இழப்பீடு கேட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் ஞாயிறுதோறும் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் உருவான பக்கம் இது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதம் மருந்துக் கடையில் போட்டுக்கொண்ட ஃப்ளூ ஊசி என் இடது தோளை ஒன்றரை ஆண்டு முடக்கிப் போட்டது. இழப்பீடு கேட்டு மனு செய்தேன், கிடைத்தது. செய்தி பரவியதும் காப்பிக் கோப்பையும் கையுமாக ஒவ்வொருவராக வந்து கேட்க ஆரம்பித்தார்கள். கேட்பவர்தான் மாறினாரே தவிர, கேள்விகள் மாறவில்லை.

நான் வக்கீலும் இல்லை, மருத்துவரும் இல்லை. அந்த வழியில் ஒரு முறை நடந்தவள், அவ்வளவுதான். உங்கள் வழக்குக்கு இதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வக்கீலிடம் போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி போட்டால் கை வலிப்பது சகஜம்தானே? இதற்கெல்லாமா நஷ்டஈடு?

சகஜமான வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். குத்திய இடம் கன்றியிருக்கும், தொட்டால் வலிக்கும், ஆனால் கையைத் தூக்க முடியும். இங்கே பேசுவது அதுவல்ல. ஊசி போட்ட அன்றோ மறுநாளோ மூட்டுக்குள் வலி தொடங்குகிறது. நாளாக ஆகக் கை காதுவரை உயர மறுக்கிறது, முதுகுப் பக்கம் போக மறுக்கிறது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் தூக்கம் போகிறது. இது மாதக்கணக்கில் நீள்கிறது. தலை பின்ன முடியாமல் போன ஒரு காலையில்தான் எனக்கு விஷயம் உறைத்தது.

இதற்குச் 'சிர்வா' என்று ஒரு சுருக்கப் பெயர் உண்டு. தடுப்பூசி செலுத்தியதால் வந்த தோள்பட்டைக் காயம் என்பது அதன் விரிவு. 2010-இல் அமெரிக்க அரசின் இழப்பீட்டுத் திட்டத்துக்கு வந்த 13 நோயாளிகளின் கோப்புகளை ஆராய்ந்து மருத்துவர்கள் எழுதிய கட்டுரை அந்தப் பெயரை வைத்தது. மருத்துவரிடம் போகும்போது இந்தச் சொல்லைச் சொல்லுங்கள். கேள்விப்படாத மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

ஊசி தசையில்தானே இறங்குகிறது? மூட்டு எப்படிக் கெடும்?

தசையில் இறங்கினால் கெடாது. தோளைப் போர்த்தியிருக்கும் முக்கோணத் தசையின் நடுவில், தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே குத்த வேண்டும். அதற்கு மேலே குத்தினாலோ, மெலிந்த கையில் அளவுக்கு மீறி நீளமான ஊசியைச் செலுத்தினாலோ, தசைக்கு அடியில் இருக்கும் பர்சா என்ற வழவழப்பான பையையும் தசைநாண்களையும் அது தொட்டுவிடலாம். உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டவே செய்யப்பட்ட மருந்து அங்கே போய்ச் சேர்ந்தால், மூட்டுக்குள்ளேயே அழற்சி கிளம்பிவிடுகிறது. பர்சா வீக்கம், தசைநாண் அழற்சி, கடைசியில் 'ஃப்ரோசன் ஷோல்டர்' எனப்படும் இறுகிய தோள் என்று அது வளரலாம்.

நாம் உட்கார்ந்திருக்க, போடுபவர் நின்றுகொண்டு, சட்டைக் கழுத்தைத் தோள்வரை இழுத்துவிட்டுப் போட்டால் ஊசி உயரமான இடத்தில் இறங்க வாய்ப்பு அதிகம். எனக்கு நடந்தது அப்படித்தான்.

இதெல்லாம் தடுப்பூசியை எதிர்க்கிறவர்கள் கிளப்பிவிடும் கதை இல்லையா?

இல்லை. தடுப்பூசிகளைக் காப்பாற்றுவதற்காக வந்த சட்டம் இது. 1980-களில் வழக்குகளுக்கு அஞ்சி மருந்து நிறுவனங்கள் தடுப்பூசித் தயாரிப்பைக் கைவிடத் தொடங்கின. அதனால் 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் பொறுப்பை ஒரு நிதியத்திடம் விட்டது. திட்டம் 1988 அக்டோபர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. வி.ஐ.சி.பி. என்பார்கள். ஒவ்வொரு தடுப்பூசியிலும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி. ஃப்ளூ ஊசிக்கு 75 சென்ட். மூன்று நோய்களைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசிக்கு 2 டாலர் 25 சென்ட். அந்தப் பணத்தில்தான் இழப்பீடு வருகிறது.

பாதிப்பும் அபூர்வமானது. 2016-17 ஃப்ளூ பருவத்தை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், ஊசி போட்டுக்கொண்ட பத்து லட்சம் பேரில் கூடுதலாக ஏறத்தாழ 8 பேருக்குத் தோள் பர்சா வீக்கம் வந்திருந்தது. அந்த எட்டில் ஒருவராக இருப்பதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஊசி போட்ட பெண் சின்னப் பெண், பாவம். நான் வழக்குப் போட்டால் அவள் வேலை போய்விடாதா?

இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழரை நான் பார்த்ததில்லை. அவள்மீது வழக்கு இல்லை. அவள் வேலை செய்யும் கடைமீதும் இல்லை, மருந்து நிறுவனத்தின்மீதும் இல்லை. எதிர்மனுதாரர் அமெரிக்கச் சுகாதார, மனிதநலத் துறையின் செயலர். அவருக்காக நீதித் துறை வக்கீல்கள் வாதாடுவார்கள். வழக்கு நடப்பது வாஷிங்டனில் உள்ள கோர்ட் ஆஃப் ஃபெடரல் கிளெய்ம்ஸ் என்ற நீதிமன்றத்தில். 'ஸ்பெஷல் மாஸ்டர்' எனப்படும் நடுவர் தீர்ப்புச் சொல்வார். யார் தவறு செய்தார்கள் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையே இல்லை.

ஊசி போட்டவரையோ தயாரித்தவரையோ ஆயிரம் டாலருக்கு மேல் கேட்டு நேரடியாக வழக்குத் தொடரவும் முடியாது; முதலில் இந்தத் திட்டத்தின் வழியாகத்தான் வர வேண்டும் என்கிறது சட்டம்.

சிர்வா என்று ஏற்றுக்கொள்ள என்னென்ன இருக்க வேண்டும்?

சட்டத்தோடு ஓர் அட்டவணை இருக்கிறது: எந்தத் தடுப்பூசி, எந்தப் பாதிப்பு, எத்தனை நேரத்துக்குள் என்று. சிர்வா அதில் சேர்ந்தது 2017 மார்ச் 21-இல். அட்டவணை சொல்வதற்கு உங்கள் பாதிப்பு பொருந்திவிட்டால், ஊசிதான் காரணம் என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். அதை மறுக்கும் பொறுப்பு அரசின் தலையில்.

பொருந்த வேண்டியவை நான்கு. ஊசிக்கு முன்னால், இந்த வலிக்குக் காரணம் என்று சொல்லத்தக்க கோளாறு அந்தத் தோளில் இருந்திருக்கக் கூடாது. வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட அந்தத் தோளோடு நிற்க வேண்டும். நரம்புக் கோளாறு போன்ற வேறு காரணம் இருக்கக் கூடாது. இவற்றோடு கால அளவு ஒன்றும் உண்டு. அது அடுத்து வருகிறது.

எனக்கு நான்கு மாதத்தில் சரியாகிவிட்டது. கேட்கலாமா?

முடியாது. ஊசி போட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் பாதிப்பு நீடித்திருக்க வேண்டும். இல்லையென்றால், உள்நோயாளியாகச் சேர்ந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருக்க வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பும் அறுவைச் சிகிச்சையை இதில் சேர்க்க முடியுமா என்று வாதம் எழும். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இன்னொன்று. பிசியோதெரபியை நான்காம் மாதம் நிறுத்திவிட்டு வீட்டில் உடற்பயிற்சி செய்தால், கோப்பின்படி உங்கள் வலி நான்காம் மாதத்தோடு முடிந்துவிட்டது. வலி இருந்தால் ஏழாம் மாதம் ஒரு முறையாவது மருத்துவரைப் பார்த்து அதைப் பதிவு செய்யுங்கள். வலி போய்விட்டதென்றால் மகிழ்ச்சியாக இருங்கள். வழக்குக்காக வலியை நீட்டாதீர்கள்.

எந்தெந்தத் தடுப்பூசிக்கு இது பொருந்தும்? கோவிட் ஊசிக்கு?

ஃப்ளூ, டெட்டனஸ் அடங்கிய ஊசிகள், ஹெபடைடிஸ் ஏ, பி, எச்.பி.வி., மெனிஞ்சோகாக்கல், சிலவகை நிமோனியா ஊசிகள் என்று, குழந்தைகளுக்கோ கர்ப்பிணிகளுக்கோ வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுபவை இதில் அடங்கும். போட்டுக்கொள்பவர் பெரியவராக இருக்கலாம். சிர்வா மனுக்களில் ஃப்ளூ ஊசிதான் முன்னால் நிற்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் போடும் ஷிங்கிள்ஸ் ஊசி இத்திட்டத்தில் இல்லை. அந்த ஊசியால் தோள் போனால் வழக்கமான நீதிமன்றத்தில் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். அது கடினமான பாதை.

கோவிட் ஊசியும் இதில் இல்லை. அதற்கு சி.ஐ.சி.பி. என்று தனித் திட்டம். பெயரில் ஒற்றுமை, நடப்பில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஊசி போட்ட ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நீதிமன்றம் கிடையாது, அதிகாரிகளே முடிவெடுப்பார்கள். வலிக்கும் வேதனைக்கும் பணம் இல்லை. வக்கீல் கட்டணமும் தரமாட்டார்கள்.

ஒரே நாளில் கோவிட், ஃப்ளூ இரண்டும் போட்டார்கள். என்ன செய்வது?

எந்த ஊசி எந்தக் கையில் என்பதில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது. ஃப்ளூ இடது கையில், கோவிட் வலது கையில், வலி இடது தோளில் என்றால் வழி தெளிவு. இரண்டும் ஒரே கையில் என்றால் வாதம் சிக்கலாகிவிடும். ஆனாலும் நீங்களே முடிவு செய்து கைவிட வேண்டாம், வக்கீலிடம் காட்டுங்கள். மேலே சொன்ன ஓராண்டுக் கெடுவும் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

வலி வந்ததும் டாக்டரிடம் போகவில்லை அக்கா. மூன்று மாதம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். போச்சா?

போகவில்லை, ஆனால் கடினமாக்கிக்கொண்டீர்கள். நம்மவர்களின் வழக்குகள் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நமக்கு வலியைப் பொறுத்துக்கொள்வது வளர்ப்பிலேயே வந்தது. முதலில் தைலம், பிறகு வெந்நீர் ஒத்தடம், பிறகு நல்லெண்ணெய், பிறகு அம்மாவிடம் போனில் ஒரு புலம்பல், 'இந்த ஊர் டாக்டர் இருநூறு டாலர் வாங்கிக்கொண்டு மாத்திரைதான் கொடுப்பான்' என்ற கணக்கு. கடைசியில் டிசம்பரில் ஊருக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம் என்று ஒரு தீர்மானம். நீதிமன்றத்தின் கண்ணில் இந்த மூன்று மாதமும் வெற்றுத் தாள். நடுவர் முதலில் நம்புவது, அந்தந்தச் சமயத்தில் எழுதப்பட்ட மருத்துவக் குறிப்புகளைத்தான். வழக்குப் போட்ட பின் நாம் எழுதும் பிரமாண வாக்குமூலம் அதற்கு அடுத்த இடத்தில்.

இதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. இடையில் சளிக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருத்துவரிடம் போயிருப்பீர்கள். தோளைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டீர்கள். வந்தது வேறு விஷயத்துக்கு, எதற்கு அவரைத் தொந்தரவு செய்வது என்ற மரியாதை. 'வேறு குறை எதுவும் இல்லை' என்று அவர் எழுதிவிடுவார். அரசு வக்கீல் அந்த வரியைத்தான் முதலில் எடுத்துக்காட்டுவார்.

ஈடுகட்ட வழி இருக்கிறது. ஊசி போட்ட இரவு கணவருக்கோ தோழிக்கோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, 'கை வலி, இன்று வர முடியாது' என்று மேலாளருக்கு எழுதிய மின்னஞ்சல், உங்கள் அவஸ்தையைக் கண்ணால் பார்த்தவர்களின் வாக்குமூலம் எல்லாம் கைகொடுக்கும். அவற்றை அழிக்காதீர்கள். இப்போது முதல் முறையாக மருத்துவரைப் பார்க்கிறீர்கள் என்றால் 'கொஞ்ச நாளாக வலி' என்று சொல்லாதீர்கள். 'அக்டோபர் இன்ன தேதி ஊசி போட்டேன், அன்று இரவே வலி தொடங்கியது' என்று தேதியோடு சொல்லுங்கள். உண்மை எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள்.

ரெக்கார்டில் வலது கை என்று இருக்கிறது. எனக்குப் போட்டது இடது கையில்!

இது நிறைய நடக்கிறது. கணினியில் ஒரு கை முன்கூட்டியே தேர்வாகியிருக்கும், போடுபவர் அதை மாற்றாமல் விட்டுவிடுவார். ஊசி போடும் முன்பே பதிவை முடித்துவிடுவதும் உண்டு. நடுவர்களுக்கும் இது தெரியும். அதன் பிறகு வந்த மருத்துவக் குறிப்புகள் எல்லாம் ஒரே குரலில் 'ஊசி போட்ட இடது தோள்' என்று சொன்னால், அந்த ஒற்றைப் பதிவைத் தாண்டித் தீர்ப்புச் சொன்ன வழக்குகள் பல. தைலம் பற்றிய பதிலில் சொன்னதெல்லாம் இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். எந்தக் கை என்பதை ஒவ்வொரு மருத்துவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. அதனால்தான் தோள் இறுகியது என்று சொல்லிவிட மாட்டார்களா?

சொல்லிப் பார்ப்பார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகும் வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவ உண்மை. ஆனால் நீரிழிவினால் வருவது பொதுவாக மெல்ல மெல்ல வரும். ஊசி போட்ட மறுநாள் தொடங்கிய வலி வேறு கதை சொல்கிறது. தொடக்கத் தேதி பதிவில் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

முன்பு எப்போதோ தோள் வலி இருந்ததென்றால் மறைக்காதீர்கள். ஊசிக்கு முந்தைய சில ஆண்டுகளின் மருத்துவக் குறிப்புகளையும் கேட்பார்கள், எப்படியும் தெரிந்துவிடும். பத்தாண்டுக்கு முன் வந்து முழுமையாகக் குணமான சுளுக்கு வழக்கைக் கெடுக்காது. அதை மறைத்தது கெடுக்கும்.

சென்னையில் ஸ்கேன் எடுத்து, அங்கேயே பிசியோதெரபி செய்தேன். அந்தக் காகிதங்கள் செல்லுமா?

செல்லும். எங்கே சிகிச்சை எடுத்தீர்கள் என்பது தடையில்லை. காகிதம் இருக்க வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு, எம்.ஆர்.ஐ. அறிக்கை, பிசியோதெரபிக்குப் போன நாட்களின் ரசீது எல்லாவற்றையும் தேதி தெரியும்படி வாங்கிவாருங்கள். நம் ஊரில் சீட்டை நோயாளி கையிலேயே கொடுத்துவிடுவார்கள், பல இடங்களில் அவர்களிடம் பிரதி இருக்காது. பிளாஸ்டிக் பையில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டு வந்த என் உறவினர் ஒருவர், பிறகு அந்தப் பைக்காகத் தம்பியை மதுரைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. தெரிந்த டாக்டர் என்று சீட்டே இல்லாமல் வாய்மொழியாக ஆலோசனை கேட்டுக்கொண்டு வந்தால், அது நடக்காதது மாதிரிதான்.

எத்தனை நாளுக்குள் மனு செய்ய வேண்டும்?

முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து 36 மாதம். நோய் இன்னது என்று மருத்துவர் கண்டுபிடித்த நாளிலிருந்து அல்ல. இப்படி ஒரு திட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்தும் அல்ல. 2011-இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் க்ளோயர் வழக்கில் இதை உறுதி செய்தது. மிக அசாதாரணச் சூழ்நிலைகளில் மட்டுமே விலக்கு உண்டு. 'எனக்குத் தெரியாது' என்பது அதில் சேராது.

வக்கீலிடம் கோப்பைக் கொடுத்த நாள் கணக்கில்லை. மனு நீதிமன்றத்தில் பதிவான நாள்தான் கணக்கு. காகிதங்கள் சேர்க்கவே ஆறேழு மாதம் ஆகும். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஆரம்பித்துவிடுங்கள்.

வக்கீலுக்கு எவ்வளவு அழ வேண்டும்? மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்களாமே?

அது கார் விபத்து வழக்கில். இங்கே வக்கீல் உங்கள் இழப்பீட்டில் ஒரு சென்ட்கூட எடுக்கச் சட்டம் அனுமதிக்காது. அவர் கட்டணத்தை நடுவர் சரிபார்த்து நிதியத்திலிருந்து தனியாக வழங்குவார். நீங்கள் தோற்றாலும், நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் மனு செய்திருந்தால் அவருக்குக் கட்டணம் கிடைக்கலாம். ஆகவே உங்களிடம் பங்கு கேட்கும் வக்கீலிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மனுக் கட்டணம் 405 டாலர். பெரும்பாலும் அதையும் வக்கீலே கட்டிவிட்டுப் பிறகு பெற்றுக்கொள்வார். வக்கீல் இல்லாமலும் மனு செய்யலாம், ஆனால் அதில் உங்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. இந்த நீதிமன்றத்தில் பழக்கமுள்ளவரைப் பிடியுங்கள். எல்லாம் தபாலிலும் கணினியிலும் நடப்பதால் அவர் உங்கள் மாநிலத்தில் இருக்கத் தேவையில்லை.

கடைசியில் எவ்வளவு கிடைக்கும்?

வலி, வேதனைக்கு உச்சவரம்பு இரண்டரை லட்சம் டாலர். 1986-இல் வைத்த எண், இன்றுவரை உயரவில்லை. அந்த உச்சத்தைத் தொடும் தோள் வழக்குகள் அபூர்வம். அறுவைச் சிகிச்சை இல்லாமல் மாத்திரை, ஸ்டீராய்டு ஊசி, பிசியோதெரபியோடு தேறியவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்து இலக்கத்தில் முடிகிறது. அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கு ஒரு லட்சத்தையொட்டியோ அதைத் தாண்டியோ போவதுண்டு. முந்தைய தீர்ப்புகளோடு ஒப்பிட்டுத்தான் நடுவர் தொகையைத் தீர்மானிக்கிறார். வலி எத்தனை மாதம், எவ்வளவு கடுமை, மருத்துவரிடம் போக எவ்வளவு தாமதித்தீர்கள் என்பதெல்லாம் பார்க்கப்படும். ஆமாம், தைலம் இங்கேயும் வந்து நிற்கிறது: 'மூன்று மாதம் பொறுத்துக்கொள்ள முடிந்த வலிதானே' என்பார்கள்.

காப்பீடு தராத மருத்துவச் செலவும், இழந்த சம்பளமும் தனி. அவற்றுக்கு உச்சவரம்பு இல்லை. ரசீதும் சம்பளச் சீட்டும் வேண்டும். காப்பீட்டு நிறுவனம் கட்டியதை நீங்கள் மறுபடி கேட்க முடியாது.

எவ்வளவு காலம் ஆகும்?

இரண்டு மூன்று ஆண்டு என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். 240 நாளில் தீர்ப்பு என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. நடுவர்கள் எட்டுப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. வருகிற மனுக்களில் சிர்வாவே பாதியைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. உங்கள் முறை வரும்வரை கோப்பு சுகாதாரத் துறை மருத்துவர்களின் மேசையில் கிடக்கும்.

அரசு ஒப்புக்கொண்டால் மீதி வேகமாக நடக்கும். தொகைமீது பேரம் பேசி முடித்துக்கொள்பவர்களே அதிகம். நான் நடுவரை நேரில் பார்த்ததே இல்லை.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். அரசாங்கத்தின்மேல் கேஸ் போட்டால் க்ரீன் கார்டு போய்விடுமா?

இத்திட்டத்துக்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை. ஊசி அமெரிக்காவில் போட்டதா என்பதுதான் கேள்வி. விசாவில் இருப்பவர், மாணவர், பேரனைப் பார்க்க வந்திருக்கும் அப்பா, அம்மா யாராக இருந்தாலும் மனு செய்யலாம். எதிரில் நிற்பது சுகாதாரத் துறை, குடியேற்றத் துறை அல்ல. இது காயத்துக்கான இழப்பீடே தவிர, ஏழைகளுக்கான அரசு உதவித்தொகை அல்ல. மனம் கேட்கவில்லையென்றால் உங்கள் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

க்ரீன் கார்டு மருத்துவப் பரிசோதனையில் போட்ட ஊசியால் வந்த காயமும் இதில் சேரும். அங்கே எல்லாக் காகிதத்தையும் உறையில் போட்டு ஒட்டிக்கொடுத்துவிடுவார்கள். ஒட்டும் முன் உங்களுக்கு ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். எந்தக் கை என்ற விவரத்தை அந்த மருத்துவரின் சொந்தப் பதிவேட்டில் தேடுங்கள்.

ஊருக்குப் போயிருந்தபோது அங்கே போட்ட ஊசி என்றால்?

ஊசியைத் தயாரித்த நிறுவனம் அமெரிக்காவில் அமைந்ததாக இருந்து, போட்ட ஆறு மாதத்துக்குள் நீங்கள் அமெரிக்காவுக்குத் திரும்பியிருந்தால் வழி இருக்கிறது. வெளிநாட்டில் பணியாற்றும் அமெரிக்கப் படைவீரர்கள், அரசு ஊழியர்கள் ஆகிய குடிமக்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் தனி விதி உண்டு. இந்தியத் தயாரிப்பு ஊசி என்றால் இந்தக் கதவு திறக்காது.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை. கட்டாயமாகப் போட்டார்கள். தொழிலாளர் இழப்பீடும் கேட்கலாமா?

இரண்டும் கேட்கலாம். ஆனால் ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் பணம் கிடைக்காது. தொழிலாளர் இழப்பீடு கொடுத்த சம்பளத்தையும் மருத்துவச் செலவையும் கழித்துவிடுவார்கள். வலி, வேதனைத் தொகைதான் அங்கே கிடைக்காமல் இங்கே கிடைப்பது. ஒரு வழக்கில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு வக்கீல்களும் ஒருவரோடு ஒருவர் பேசிவிடட்டும்.

எனக்கு நான்காம் நாள்தான் வலி வந்தது. விரலும் மரத்துப்போகிறது.

அப்படியானால் அட்டவணை உங்களுக்கு உதவாது. மேலே நான்கு நிபந்தனைகள் சொன்னேனே, அவற்றில் இரண்டு இடிக்கின்றன. ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. 2005-இல் ஆல்தன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த மூன்று படிகளில் ஏற வேண்டும்: இந்த ஊசி இப்படிப்பட்ட பாதிப்பை உண்டாக்க முடியும் என்பதற்கு மருத்துவ விளக்கம், உங்கள் விஷயத்தில் அதுதான் நடந்தது என்பதற்குக் காரண காரியத் தொடர்ச்சி, பொருத்தமான கால இடைவெளி. இங்கே சட்டம் உங்களுக்காக எதையும் ஊகிக்காது, நிபுணரின் அறிக்கை வேண்டும். விரல் மரத்துப்போவது கழுத்து எலும்புக் கோளாறாகவும் இருக்கலாம். வழக்கு கிடக்கட்டும், முதலில் அதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர், நோய் விவரம் எல்லாம் வெளியே தெரியுமா?

தீர்ப்புகள் இணையத்தில் வெளியாகும். வெளியாகும் முன் 14 நாள் தருவார்கள்; அந்தரங்கமான மருத்துவ விவரங்களை நீக்கும்படி அதற்குள் கேட்கலாம். பெயருக்குப் பதில் முதலெழுத்துகளை மட்டும் போடக் கேட்பவர்களும் உண்டு, எப்போதும் கிடைப்பதில்லை.

தோற்றுவிட்டால், அல்லது கொடுக்கும் பணம் போதவில்லை என்றால்?

நடுவரின் முடிவை 30 நாளுக்குள் அதே நீதிமன்ற நீதிபதியிடம் மறுபரிசீலனைக்குக் கொண்டுபோகலாம். அதற்கும் மேலே ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. இறுதித் தீர்ப்பு வந்ததும் அதை ஏற்கிறீர்களா, நிராகரிக்கிறீர்களா என்று தெரிவிக்க 90 நாள் உண்டு. நிராகரித்தால் வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை கிடைக்கிறது. அங்கே தவறை நிரூபிக்கும் சுமை முழுவதும் உங்கள் தோளில், அதுவும் வலிக்கிற தோளில். மருந்தின் வடிவமைப்பே குறையுள்ளது என்று தயாரிப்பாளர்மீது வழக்குத் தொடர முடியாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் புரூஸ்விட்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. கொடுப்பதை நிராகரித்துவிட்டு வெளியே போ என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

சிர்வாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாமே?

எடுக்கப் பார்த்தார்கள். 2020 ஜூலையில் சுகாதாரத் துறை அதற்கு விதி முன்மொழிந்தது. காயம் ஊசி போட்ட விதத்தால் வருகிறதே தவிர மருந்தால் அல்ல என்பது அவர்கள் வாதம். 2021 ஜனவரியில் இறுதி விதியும் வெளிவந்தது. ஆட்சி மாறியதும், அது நடைமுறைக்கு வரும் முன்பே, ஏப்ரலில் திரும்பப் பெற்றார்கள். அந்த அரைகுறைச் செய்திதான் இன்னும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இருந்தாலும் விதி மாறக்கூடியது என்பது இதில் தெரிகிறதல்லவா? மனு செய்யும் நாளில் அட்டவணை எப்படி இருக்கிறது என்று வக்கீலிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு நீங்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறீர்களா அக்கா?

ஒவ்வோர் ஆண்டும். கையில்லாத சட்டை அணிந்துகொண்டு போகிறேன், கழுத்துப் பக்கம் இழுத்துவிடும் வேலை வேண்டாமே என்று. போடுபவரையும் உட்காரச் சொல்கிறேன்; முகம் சுளிப்பவர்கள் உண்டு, உட்கார்ந்துவிடுவார்கள். எந்தக் கை என்று திரையில் பதிவானதைப் பார்த்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுகிறேன். கை மட்டும் மாறிவிட்டது, இப்போதெல்லாம் வலது.